1962-இன் ஸ்கோர் அட்டையை இன்று எப்படிப் படிப்பது?

கேள்வி: கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் 100 புள்ளிகள் எடுத்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைப் பழைய செய்தித்தாள் பக்கம் ஒன்றின் படியில் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே 36, 28-32, 100 என மூன்று பத்திகள் மட்டுமே இருக்கின்றன. ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணி எறிந்த பந்தைத் தடுப்பது) பற்றி ஒன்றுமே இல்லை. இதை எப்படிப் படிப்பது? இன்றைய வீரர்களின் எண்களோடு ஒப்பிடலாமா?

பதில்: 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி ஊரில் நடந்த அந்த ஆட்டத்தில் பிலடெல்பியா வாரியர்ஸ் அணி நியூயார்க் நிக்ஸ் அணியை 169-147 என்று வென்றது. நீங்கள் பார்த்த முதல் எண் ஃபீல்டு கோல், அதாவது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது போட்ட கூடைகள். இரண்டாவது பத்தியில் முதலில் நிற்பது கூடையில் விழுந்த ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்காக (விதிமீறலுக்காக) யாரும் தடுக்காமல் எறியக் கிடைப்பது; ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சிறுகோட்டுக்குப் பின்னால் உள்ள எண் கிடைத்த ஃப்ரீ த்ரோ வாய்ப்புகள். கடைசி எண் மொத்தப் புள்ளி. அன்று எந்த ஃபீல்டு கோலுக்கும் இரண்டு புள்ளிதான்; ஆகவே 36 கூடைக்கு 72, ஃப்ரீ த்ரோவுக்கு 28, மொத்தம் 100 என்று கணக்கு நேராகிறது.

பழைய அட்டை எது கைக்கு வந்தாலும், வேறு எதற்கும் முன்பாக இந்தக் கூட்டலைச் செய்துவிடுங்கள். மங்கிய அச்சில் 3-உம் 8-உம் ஒன்றுபோலவே தெரியும். கண் ஏமாறும் இடத்தில் கணக்குதான் காப்பாற்றும். குறுக்கே சரிபார்த்தபின் மேலிருந்து கீழாகவும் கூட்டிப் பாருங்கள். வாரியர்ஸ் பக்கத்தில் சேம்பர்லின் 100, ஆல் ஆட்டில்ஸ் 17, பால் அரிசின் 16, டாம் மெஷெரி 16, கை ராட்ஜர்ஸ் 11, யார்க் லாரீஸ் 9: மொத்தம் 169. அணியின் கூடைகள் 63, ஃப்ரீ த்ரோ 43. 126-உடன் 43-ஐச் சேர்த்தாலும் அதே 169. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் அந்த அட்டையை நம்பலாம்.

அடுத்து, இல்லாத பத்திகள். பலரும் தவறுவது இங்கேதான். ஸ்டீல், பிளாக் இரண்டையும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 1973-74 பருவத்திலிருந்துதான் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது. டர்ன்ஓவரை (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பதை) 1977-78 முதல். மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போடும் கூடைக்கு மூன்று புள்ளி) 1979-80-இல்தான் வந்தது. அன்று சேம்பர்லின் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்பதை அந்த அட்டை சொல்லவில்லை என்பதே பொருள். ஒன்றையும் தடுக்கவில்லை என்பதல்ல. அட்டவணை தயாரிக்கும்போது அந்தக் கட்டங்களில் 0 என்று எழுதாதீர்கள், வெறுமையாகவே விடுங்கள். 0 போட்டுச் சராசரி எடுத்தால் அவர் தலைமுறையின் தடுப்பாட்டத்தையே இல்லாததாக்கிவிடுவீர்கள். பார்த்துப் பார்த்து மனம் வருந்திய பிழை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செய்தித்தாள் இடம் கருதிப் பல விவரங்களைச் சுருக்கியிருக்கும். முழுப் பதிவின்படி சேம்பர்லின் 48 நிமிடங்களும் களத்தில் நின்றார். 63 முறை கூடையை நோக்கி எறிந்தார். 25 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைக் கைப்பற்றுவது), 2 அசிஸ்ட் (சக வீரர் கூடை போடும்படி பந்தைக் கொடுப்பது) எடுத்தார். ராட்ஜர்ஸின் வரியையும் விடாமல் படியுங்கள். களத்தில் ஒரே ஒரு கூடைதான் போட்டிருக்கிறார். ஆனால் 20 அசிஸ்ட். ஃப்ரீ த்ரோ மட்டும் 12-க்கு 9. பந்து சேம்பர்லின் கைக்குப் போகாமலிருக்க, கடைசிக் கட்டத்தில் நிக்ஸ் வீரர்கள் மற்றவர்கள் மீது வேண்டுமென்றே ஃபவுல் செய்தார்கள். பந்தை விரைவில் திரும்பப் பெற வாரியர்ஸும் பதிலுக்கு ஃபவுல் செய்தார்கள். இரு தரப்பு எண்ணிக்கையும் ஓரளவு ஊதியிருப்பதற்கு இதுவும் காரணம்.

இனி ஒப்பீடு. செய்யலாம், ஆனால் ஆட்டத்தின் வேகத்தைக் கணக்கில் கொள்ளாமல் செய்யக் கூடாது. அன்று வாரியர்ஸ் 115 முறையும் நிக்ஸ் 118 முறையும் எறிந்தன. இன்று ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எறிவது ஏறக்குறைய 90 முறை. எறிவது கூடினால் புள்ளிக்கான வாய்ப்பும் கூடும், தவறி விழும் பந்தும் கூடும். அந்த 233 எறிதல்களில் 120 மட்டுமே கூடையில் விழுந்தன, மீதி 113. அந்தக் காலத்து ரீபவுண்ட் எண்கள் இன்று மலைப்பூட்டுவதற்குப் பெரும் காரணம் இதுதான். ஆகவே 25 ரீபவுண்டை இன்றைய 25-க்கு நேர் சமமாக வைக்க முடியாது.

காலம் கடந்து ஒப்பிட ஓரளவு பொருந்துவது, கிடைத்த வாய்ப்புகளுக்கு எவ்வளவு புள்ளி எடுத்தார் என்ற விகிதம். ஃப்ரீ த்ரோ வாய்ப்புகளை 0.44-ஆல் பெருக்கி, எறிதல்களின் எண்ணிக்கையோடு கூட்டி, அதை இரட்டித்து, புள்ளியை அதனால் வகுங்கள். சேம்பர்லினுக்கு 64.9 சதவீதம் கிடைக்கும். 2006 ஜனவரி 22 அன்று பிற்கால என்.பி.ஏ. வீரர் கோபி பிரையன்ட் 46 எறிதல், 20 ஃப்ரீ த்ரோ வாய்ப்புகளில் 81 புள்ளிகள் எடுத்தார், அவருக்கு 73.9. ஆனால் அந்த 81-இல் ஏழு கூடைகள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து வந்தவை. 1962-இன் விதிப்படி எண்ணினால் 74 புள்ளிதான். அந்தக் கோடு இல்லாத காலத்தில் அவ்வளவு தொலைவிலிருந்து அவர் எறிந்திருக்கவும் மாட்டார். எனவே விதிக்கு ஏற்ப எண்ணை மாற்றலாமே தவிர, ஆட்டத்தை மாற்றி எழுத முடியாது.

எனவே அதே பருவத்தோடு ஒப்பிடுவதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 1961-62-இல் சேம்பர்லின் 80 ஆட்டங்களில் 4,029 புள்ளிகள், சராசரி 50.4. அந்தப் பருவத்தில் அவருடைய ஃப்ரீ த்ரோ 61.3 சதவீதம், ஹெர்ஷியில் 87.5. வழக்கமான விகிதத்தில் போட்டிருந்தால் 32-இல் இருபதுதான் விழுந்திருக்கும், மொத்தம் 92-இல் நின்றிருக்கும். உங்கள் படியில் உள்ள மூன்று பத்திகளில் அன்றைய இரவின் தனித்தன்மை 36-ஐ விட அந்த 28-32-இல்தான் அதிகம் தெரிகிறது.