ஜனநாயக நாடான இலங்கையில் முஸ்லிம்கள் ஏன் தாக்கப்பட்டார்கள்?

பெரும்பான்மைச் சிங்கள பௌத்தர்களுக்கு 'நாம் அழியப்போகிறோம்' என்ற பயத்தை ஊட்டியதுதான் முக்கியக் காரணம். இத்தனைக்கும் அங்கே பௌத்தர்கள் சுமார் 70 சதவீதம்; முஸ்லிம்கள் சுமார் 10 சதவீதம்தான். 1972 முதல் அரசியலமைப்பே பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகச் சாப்பாட்டில் கிடந்த மாவுக்கட்டியை 'மலட்டு மாத்திரை' என்று வதந்தி கிளப்பினார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தப்பவில்லை. (வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அதை எத்தனை பேர் பகிர்ந்திருப்பார்கள்?) சில நாட்களில் கண்டி அருகே உள்ள திகன எரிந்தது, அவசரநிலை அறிவித்து பேஸ்புக்கை முடக்கினார்கள்.

தேர்தல் இதைத் தடுக்காதா? என் பார்வையில், சில சமயம் வளர்க்கவே செய்கிறது. 2014 அளுத்கமையில், பிக்குகள் தலைமையிலான தீவிர சிங்கள பௌத்த அமைப்பான பொதுபல சேனாவின் கூட்டத்தைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. ஆனாலும் பிக்குகளைத் தொட்டால் சிங்கள வாக்கு போய்விடும் என்ற கணக்கு கொழும்பில் ஆட்சி மாறியும் மாறவில்லை.