‘பி’ டீமில் போட்டுவிட்டார்கள் மாஸ்டர்!

கேள்வி: என் பையனுக்கு 12 வயது, டிசம்பரில் பிறந்தவன். வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டில் ஃபுட்பால் ஆடுகிறான். 13 வயதுக்கு உட்பட்டோருக்கான டீம் பிரித்தபோது கோச் அவனை ‘பி’ டீமில் போட்டுவிட்டார். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். வேறொரு அகாடமியில் பணம் கட்டினால் ‘ஏ’ டீமிலேயே சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா மாஸ்டர்?
- ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அவசரப்படாதீங்கம்மா. பிறந்த மாதத்தை எழுதியது நல்லதாகப் போயிற்று. வயதுப் பிரிவுக்குப் பெரும்பாலும் ஜனவரி 1-ஐத்தான் கணக்கு வைப்பார்கள். அப்படியென்றால் அதே டீமில் ஜனவரியில் பிறந்தவன் உங்கள் மகனுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் மூத்தவன். ஆண் பிள்ளைகள் மடமடவென்று வளர்வது 13, 14 வயது வாக்கில். அதற்கு முன்பே மீசை அரும்பியவன் தோளால் இடித்தே பந்தைப் பறித்துவிடுவான். அதைத் திறமை என்று எண்ணி ஏமாறும் கோச்சுகள் உண்டு. இங்கிலாந்து பிரீமியர் லீக் அகாடமிகளில் இதற்காகவே உடல் வளர்ச்சியை வைத்து டீம் பிரித்து ஆடவிட்டார்கள். தாமதமாக வளரும் பையன்களின் கால்வித்தை அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ஒரு மேட்ச்சுக்குப் போய், கோட்டுக்கு வெளியே நின்று அவனை மட்டும் பாருங்கள். பந்து அடிக்கடி அவன் காலுக்கு வருகிறதா? வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்துப் பாஸ் கொடுக்கிறானா, பயந்து எங்கேயோ உதைத்துத் தள்ளுகிறானா? திணறினாலும் பந்து வந்துகொண்டே இருந்தால், இப்போதைக்கு அதுதான் அவன் டீம். எல்லாரையும் சுலபமாகத் தாண்டி கோல் போட்டுக்கொண்டே இருந்தால் மேலே ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். ‘ஏ’ டீம் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு சீசன் முழுக்க பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பையன் ஆடுவதைப் பார்க்காமலே ‘ஏ’ டீம் என்கிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். சர்டிபிகேட்டில் வயதைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கிட்டேயே சேர்க்காதீர்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கும் காலம் இது.

இப்போதைய கோச்சிடம், பையன் இல்லாத நேரமாகப் பார்த்து, “எதைச் சரிசெய்தால் ‘ஏ’ டீம்?” என்று கேளுங்கள். இடது காலா, ஃபர்ஸ்ட் டச்சா (வரும் பந்தை முதல் தொடுதலிலேயே அடக்குவது), ஸ்டாமினாவா என்று ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதாக அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள்.