பதிவிறக்கக் கணக்கு எதைச் சொல்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு பதிப்பகங்களின் மின்னிதழ்களுக்குச் சந்தா கட்டுகிறோம். ஒன்றில் பதிவிறக்கம் இருமடங்கு. மற்றதை நிறுத்திவிடலாமா? (கல்லூரி நூலகர்)

அவசரப்படாதீர்கள். இரண்டுமே 'கவுண்டர்' விதிப்படி எடுத்த அறிக்கைகளா என்று முதலில் பாருங்கள். எதை ஒரு பயன்பாடு என்று எண்ணுவது என்பதற்குப் பொது விதி வகுக்க 2002-இல் தொடங்கிய அமைப்பு அது. ஒரே கட்டுரையை 30 விநாடிக்குள் இருமுறை சொடுக்கினால் ஒன்று என்றுதான் கணக்கு.

அடுத்த சிக்கல் தளத்தின் அமைப்பில் இருக்கிறது. சில தளங்களில் முழுக் கட்டுரையும் முதலில் இணையப் பக்கமாகத் திறக்கும். வாசகர் அப்புறம் பிடிஎஃப் எடுப்பார். ஆள் ஒருவர், கட்டுரை ஒன்று, எண்ணிக்கை மட்டும் இரண்டு. கவுண்டர் விதிகளின் 2019-இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பில் 'யுனிக் ஐட்டம் ரிக்வெஸ்ட்ஸ்' என்று ஒரு எண் வரும். ஒரே அமர்வில் எத்தனை வடிவத்தில் திறந்தாலும் அதில் ஒன்றுதான். இந்த எண்ணிலிருந்து இலவசமாகத் திறந்திருக்கும் கட்டுரைகளின் பயன்பாட்டைக் கழித்துவிட்டு, மீதியால் சந்தாத் தொகையை வகுங்கள். 2 லட்சம் ரூபாய்க்கு 4,000 பயன்பாடு என்றால் தலா 50 ரூபாய்.

இதிலும் ஐந்தாறு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள சிறு துறையின் இதழ் தோற்றுப்போகும். வெட்டும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இதை நான் வலியுறுத்தியே சொல்வேன்.

கேள்வி: என் கட்டுரை 900 முறை பதிவிறக்கம் ஆகியிருக்கிறது, மேற்கோள் ஒன்றுகூட இல்லை. உழைப்பு வீணா? (ஆய்வு மாணவி)

நிச்சயமாக இல்லை. மேற்கோள் காட்டுபவர் இன்னொரு கட்டுரை எழுதுபவர். அதற்குக் காலம் பிடிக்கும். படித்துப் பயன்படுத்தும் மருத்துவரோ பள்ளி ஆசிரியரோ அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அதற்காக '900 பேர் படித்தார்கள்' என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். 900 முறை பதிவிறக்கப்பட்டது என்பது மட்டுமே நமக்குத் தெரியும்.

கேள்வி: 'இம்பாக்ட் ஃபேக்டர் 6.8' என்று சொல்லி ஓர் இதழ் கட்டுரை கேட்கிறது. நம்பலாமா? (உதவிப் பேராசிரியர்)

இம்பாக்ட் ஃபேக்டரைக் கணக்கிட்டு வெளியிடும் கிளாரிவேட் நிறுவனத்தின் 'ஜேசிஆர்' (ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்) பட்டியலில் இதழின் பெயரைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பெயரில் மட்டும் ஒத்திருக்கும் போலி எண்களை விற்பவர்கள் உண்டு. உண்மையான எண்ணாகவே இருந்தாலும், இதழின் 2 ஆண்டுக் கட்டுரைகள் அதற்கு அடுத்த ஓர் ஆண்டில் பெற்ற சராசரி மேற்கோள்தான் அது. உங்கள் கட்டுரையின் தரத்தை அது சொல்லாது. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் 'யுஜிசி-கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டதால், ஆசிரியர் குழுவையும் பழைய இதழ்களையும் நீங்களே படித்துப் பார்த்து முடிவெடுங்கள்.