வெள்ளம் ஏறிய வீட்டை விற்கலாமா? வாங்கலாமா? – சொத்து கேள்வி பதில்

மழைக்காலம் நெருங்கினாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் தண்ணீர் வந்துவிடுகிறது. விற்க நினைப்பவர்கள், வாங்கி ஏமாந்தவர்கள், வாங்கலாமா என்று தயங்குபவர்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: எங்கள் வீடு முடிச்சூரில், அடையாற்றுக்குப் பக்கத்தில். 2015 டிசம்பரில் தரைத்தளத்தில் நெஞ்சளவு தண்ணீர் நின்றது, மாடியிலிருந்து படகில்தான் எங்களை இறக்கினார்கள். 2023 மிக்ஜாம் புயலில் தெருவில் முழங்கால் அளவு, வீட்டுக்குள் வர ஒரு படி பாக்கி. எனக்கும் கணவருக்கும் வயதாகிவிட்டது, மகன் இருக்கும் கோவைக்கே போய்விடலாம் என்று விற்க நினைக்கிறோம். புரோக்கர், "ஓதம் தெரியுற இடத்துல பேனல் அடிச்சு பெயின்ட் பண்ணிடுங்கம்மா, கோடையில காட்டலாம், கேட்டா தண்ணி தெருவோட நின்னுடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்கிறார். மனசு ஒப்பவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் யார் வாங்குவார்கள்?
– வாசகி, முடிச்சூர்

பதில்: அம்மா, புரோக்கர் சொல்வதைச் செய்யாதீர்கள். மனசாட்சியை விடுங்கள், சட்டப்படியே அது உங்கள் தலையில்தான் வந்து விழும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் பிரிவு 55 என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் முக்கியமான குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவர் கண்ணில் படாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவின் முடிவில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. வாங்குபவர் சொத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்வதும் விற்பவர் கடமை.

முடிச்சூரில் வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியும், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது எல்லா பேப்பரிலும் வந்தது, வாங்குபவர் விசாரித்திருக்கலாமே என்று ஒரு வக்கீல் உங்களுக்காக வாதாட இடம் உண்டு. ஆனால் ஓதத்தின் மேல் பேனல் அடித்துவிட்டால் அந்த வாதம் நிற்காது. சாதாரணமாகப் பார்த்தால் தெரிந்திருக்கக்கூடியதை நீங்களே மூடி வைத்தீர்கள் என்று ஆகிவிடும். கேட்டதற்குப் பொய்யும் சொல்லியிருந்தால் கேட்கவே வேண்டாம். புரோக்கர் கமிஷனை வாங்கிக்கொண்டு போயிருப்பார், பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையதும் உங்கள் கணவருடையதும்தான்.

சரி, உண்மையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்பதற்கு வருவோம். வாங்குகிறார்கள். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் 2015-க்கு அப்புறமும் வீடு கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டை வாங்கக்கூடியவர் வேறு ஆள். நகரத்திலிருந்து விளம்பரம் பார்த்து வருகிறவரைவிட, அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர், பக்கத்து மனைக்காரர், உறவினர் அங்கேயே இருப்பதால் அங்கேயே வேண்டும் என்பவர், இவர்களிடம் முதலில் பேசுங்கள். இவர்களுக்கு எந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் என்பது தெரியும், அந்தத் தண்ணீரோடு சேர்த்துத்தான் விலை பேசுவார்கள். இன்னொரு வகை, பழைய கட்டடத்தை இடித்துவிட்டுக் கீழே தூண் மட்டும் விட்டு ஸ்டில்ட் பார்க்கிங் வைத்துக் கட்ட நினைக்கும் சின்ன பில்டர். அவருக்கு உங்கள் தரைத்தளத்தின் ஓதம் ஒரு பொருட்டே இல்லை, மனைக்குத்தான் விலை போடுவார். கட்டடத்துக்குத் தனியாக எதிர்பார்க்காதீர்கள்.

விற்பதற்கு முன் எதில் செலவு செய்யலாம் என்றால், பார்க்க அழகாக்கும் எதிலும் வேண்டாம். மீட்டர் போர்டையும் மெயின் சுவிட்சையும் 2015 தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏற்றுங்கள், ஏற்கெனவே ஏற்றியிருந்தால் நல்லது. சம்ப்பின் வாயைச் சுற்றி உயர்த்திக் கட்டுங்கள். கழிவுநீர் வெளியேறும் குழாயில் தண்ணீர் திரும்பி வராதபடி வால்வு போடுங்கள், ஏனென்றால் பல வீடுகளில் வாசல் வழியாக வருவதற்கு முன்பே பாத்ரூம் வழியாகத் தண்ணீர் ஏறிவிடுகிறது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் வேலையை யாராவது சொல்வார்கள். அது அங்கேயே தொடர்ந்து வாழப் போகிறவர்களுக்கு, விற்றுவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தச் செலவு முழுதாகத் திரும்பி வராது.

கடைசியாக முக்கியமான ஒன்று. வாயால் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். கிரய ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்: 2015 டிசம்பரில் தரைத்தளத்தில் இத்தனை அடி தண்ணீர் நின்றது, 2023-இல் வாசல் படிவரை வந்தது, இவை வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட்டன, அறிந்தே வாங்குகிறார் என்று. பத்திரம் எழுதுபவர் இதெல்லாம் எதற்கு என்பார். நீங்கள் விடாதீர்கள். கோவையில் போய் உட்கார்ந்த பிறகு எந்த மழைக்கும் உங்களுக்கு நோட்டீஸ் வராமல் காப்பது அந்த ஒரு பத்திதான்.

கேள்வி: மடிப்பாக்கத்தில் பழைய தனி வீடு ஒன்றை ஜூன் மாதத்தில் கிரயம் செய்தோம். தண்ணீர் வருமா என்று விற்றவரிடம் நேராகவே கேட்டோம், "இருபது வருஷமா இருக்கோம், ஒரு சொட்டு வந்ததில்ல" என்றார். அந்த டிசம்பரிலேயே ஹாலில் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர். பக்கத்து வீட்டம்மா, "ஒவ்வொரு பெருமழைக்கும் வருமே, உங்களுக்குச் சொல்லலியா" என்கிறார். பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?
– வாசகர், சென்னை

பதில்: வழி இருக்கிறது. சுலபம் என்று சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்.

நீங்கள் கேட்டீர்கள், அவர் தெரிந்தே பொய் சொன்னார், அதை நம்பி வாங்கினீர்கள். இது இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்லும் மோசடிக்குள் வருகிறது. கிரயத்தை ரத்து செய்யக் கோரலாம், அல்லது வீட்டை வைத்துக்கொண்டு நஷ்ட ஈடு கேட்கலாம். எது என்றாலும் சிவில் நீதிமன்றம்தான். மோசடி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், பேசிப் பார்க்கலாம் என்று அந்தக் காலத்தை ஓட்டிவிடாதீர்கள்.

எல்லாம் சாட்சியத்தில் இருக்கிறது. "ஒரு சொட்டு வந்ததில்ல" என்று அவர் சொன்னது வாட்ஸ்அப்பில் இருக்கிறதா? விளம்பரத்தில் "வெள்ளம் வராத பகுதி" என்று போட்டிருந்தாரா? புரோக்கர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டம்மா கோர்ட்டில் வந்து சொல்வாரா என்பது வேறு, அவரிடம் பழைய வெள்ளப் படங்கள் போனில் இருந்தால் உடனே வாங்கி வையுங்கள். விற்றவர் வெள்ள நிவாரணம் வாங்கியிருந்தாலோ, வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் செய்திருந்தாலோ அது மிக வலுவான ஆதாரம். இதையெல்லாம் சேர்த்து ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், பல நேரம் வழக்குவரை போகாமல் ஒரு தொகைக்கு முடிந்துவிடும். அப்படி முடிந்தால் ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து, சிவில் வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், உதவாதா என்று கேட்காதவர்களே இல்லை. 2016-இன் அந்தச் சட்டம் புரமோட்டர்களுக்கானது. பில்டரிடம் புது ஃபிளாட் வாங்கி, அவர் விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தால் அங்கே போகலாம். தனி ஆள் தன் பழைய வீட்டை விற்பது அதற்குள் வராது. ஜப்பானில் 2020 ஆகஸ்ட் முதல், வீடு விற்கும் ஏஜென்ட் அரசின் வெள்ள வரைபடத்தைக் காட்டி, இந்த வீடு அதில் எங்கே இருக்கிறது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே விளக்கியாக வேண்டும். நம் ஊரில் புரோக்கருக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லாதது எனக்குக் கோபம் தரும் விஷயம். பத்திரப் பதிவின்போது வில்லங்கம் பார்க்கிறோம், தண்ணீரைப் பற்றி ஒரு தாளும் கிடையாது.

கேள்வி: ஸ்ரீவைகுண்டம் பக்கம் அம்மாவின் வீடு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பின்பக்கச் சுவர் போய்விட்டது. தண்ணீர் வடிந்த உடனேயே ஒருவர் வந்து பாதி விலைக்குக் கேட்டார், இப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அவருக்குக் கொடுக்க வேண்டாம், குறைந்தது இன்னும் சிலரிடம் விலை கேட்காமல் கொடுக்க வேண்டாம். பேரிடர் முடிந்த கையோடு வந்து விலை கேட்பவர், உங்கள் பயத்துக்கு விலை போடுகிறார்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. சென்னையே 2015-இல் அவ்வளவு பார்க்கவில்லை. தாமிரபரணிக் கரையில் அப்படி வருஷா வருஷம் வரப்போவதில்லை. இனி வரவே வராது என்றும் அர்த்தம் இல்லை. அதனால் நான் செய்யச் சொல்வது, சுவரைக் கட்டி, வீட்டைக் குடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, வாடகைக்கு விட்டு, இரண்டு மழைக்காலம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அதற்கப்புறம் விற்றால் விலையை நிதானமாகப் பேசலாம். அம்மாவுக்கு அங்கே இருக்க பயம் என்றால் அவரை உங்களோடு அழைத்துக்கொள்ளுங்கள், வீட்டை அவசரமாகத் தள்ளிவிட அது காரணம் ஆகாது.

அதுவரை இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி நடைமுறைக்கு வந்திருக்கிறது. வெள்ளம், புயல், நிலநடுக்கம், மண்சரிவு எல்லாம் அதில் அடங்கும். கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேரும். பாலிசி எடுக்கும்போது சுவர் இடிந்து கிடந்ததை மறைக்காதீர்கள், கட்டி முடித்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எடுங்கள். வீட்டை விற்கும்போது அந்தப் பாலிசி வாங்குபவருக்குத் தானாகப் போகாது, அவர் புதிதாக எடுக்க வேண்டும்.

கேள்வி: பெரும்பாக்கத்தில் ஃபிளாட் பார்க்கிறோம். பட்டா, அப்ரூவல் எல்லாம் சரியாக இருக்கிறது. வேறு எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: பட்டாவும் அப்ரூவலும் நிலம் யாருடையது, கட்ட அனுமதி உண்டா என்பதற்குத்தான். தண்ணீர் வருமா என்பதற்கு அவை பதில் சொல்லாது.

பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர். தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரி நீர் வந்து சேரும் இடம் அது. 2022-இல் அதில் சுமார் 1,247 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. நீங்கள் பார்க்கும் ஃபிளாட்டின் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அந்த எல்லைக்குள் வருகிறதா, அனுமதி எந்தத் தேதியில் தரப்பட்டது என்று கேளுங்கள். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த எண்ணும் அக்கம்பக்கத்து எண்களும் ஏரி, வாய்க்கால், ஓடை என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா பாருங்கள், புல வரைபடத்தில் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்பது தெரியும்.

காகிதம் போதாது, நேரில் போங்கள், அதுவும் நவம்பரில், மழை பெய்யும் நாளில் போங்கள். சாலையிலிருந்து வளாகத்துக்குள் இறங்க வேண்டியிருக்கிறதா, ஏற வேண்டியிருக்கிறதா? சென்னையில் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் எத்தனையோ வீடுகள் பள்ளமாகிவிட்டன. ஜெனரேட்டரும் லிஃப்ட் மோட்டாரும் மின் பெட்டிகளும் எந்த மட்டத்தில் இருக்கின்றன? மூன்றாவது மாடியில் உங்கள் வீடு காய்ந்தே இருக்கலாம், ஆனால் கீழே பேனல் மூழ்கினால் கரன்ட் கிடையாது, தண்ணீர் மோட்டார் கிடையாது, லிஃப்ட் கிடையாது, வயதான பெற்றோர் இருந்தால் அது எத்தனை நாளுக்கு என்பதுதான் கேள்வி. வாசலில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், செக்யூரிட்டி, இவர்களிடம் 2015-லும் 2023-லும் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அப்புறம் அதே கேள்வியை விற்பவரிடம் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மேலே மடிப்பாக்கத்து வாசகருக்கு ஏற்பட்ட நிலை உங்களுக்கு வந்தால், கையில் இருக்கும் பிடி அது ஒன்றுதான்.

கேள்வி: வெள்ளம் வரும் பகுதி என்பதால் அரசு வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாகத்தான் எங்கள் இடம் போகிறது. குறைந்த விலைக்கே பத்திரம் போடலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: போடலாம், நிஜமாக வாங்கும் தொகையைத்தான் பத்திரத்தில் எழுத வேண்டும். ஆனால் முத்திரைத்தாள் கட்டணத்தை வாங்குபவர் வழிகாட்டி மதிப்புக்கே கட்ட வேண்டியிருக்கும், அல்லது மதிப்பு குறைவு என்று பத்திரம் தனித் துணை ஆட்சியருக்குப் போகும். பெரிய சிக்கல் வருமான வரியில்தான். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாக வைத்து உங்களுக்கு வரி போடுவார்கள், அந்த வித்தியாசத் தொகையை வாங்கியவரின் வருமானமாகவும் கணக்கிடுவார்கள். அதைத் தடுக்க, விற்பதற்கு முன்பே பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள், அதில் வெள்ளம் வந்த வருஷம், தண்ணீர் நின்ற உயரம், அதே தெருவில் சமீபத்தில் போன விலை எல்லாம் இருக்கட்டும். வருமான வரி அதிகாரியிடம் சந்தை மதிப்பு குறைவுதான் என்று எழுதிக் கொடுத்து, துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாங்குபவருக்கும் இதை அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அவருக்கும் அந்த அறிக்கையின் நகல் தேவைப்படும்.