பிரேக் பிடித்தால் நகரும் முன் சக்கரம்: ஃபோர்க்கை மாற்றுமுன் லீவரைப் பாருங்கள்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். கல்லூரியில் படிக்கும் மகனுக்குப் பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஏலகிரியிலிருந்து இறங்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் 'டக்' என்ற சத்தத்துடன் சக்கரம் நகர்வதாகச் சொல்கிறான். அதன்பின் டிஸ்க் உரசுகிறது. கழற்றி மாட்டினால் சரியாகி, மறுபடி அதே கதை. முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் தேய்ந்துவிட்டது என்று கடையில் முன்பணம் கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கழற்றி மாட்டினால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேய்ந்துபோன ஃபோர்க் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதும் தேறிவிடாது. சக்கரத்தின் அச்சை ஃபோர்க் சரியாகக் கவ்வவில்லை என்பதுதான் என் கணிப்பு. இது சரியாகும்வரை பையன் அந்தச் சைக்கிளில் கிரீன் சர்க்கிள் வரைகூடப் போகக் கூடாது.

டிஸ்க்கைக் கவ்வும் காலிபர், ஃபோர்க்கின் இடது காலுக்குப் பின்னால் இருக்கிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது டிஸ்க்கின் பின்பாதி மேல்நோக்கி வருகிறது. அதைப் பிடித்து நிறுத்தும்போது காலிபர் கீழ்நோக்கி இழுக்கிறது. அச்சு அமர்ந்திருக்கும் பிளவின் வாயும் கீழ்நோக்கியே இருக்கிறது. டிஸ்க் சிறியது, சக்கரம் பெரியது என்பதால், தரையில் டயர் பிடிக்கும் விசையைப் போல நாலைந்து மடங்கு விசை அங்கே விழும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை அழுத்தி இறங்கினால், தளர்ந்த அச்சின் இடது முனை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். டயரின் மேற்பகுதி இடது காலை நோக்கிச் சாயும். அந்த 'டக்' அதுதான்.

அச்சில் கையால் திறந்து மூடும் லீவர் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் திருகி இறுக்குபவர்களே அதிகம். டிபன் கேரியரின் கொக்கியைத் தள்ளிப் பூட்டுவதுபோல அதை மடக்கி மூட வேண்டும். சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, ஹேண்டில்பாரை அழுத்தி, அச்சு பிளவின் உள்ளே மேல் முனைவரை போய் அமர்ந்ததைப் பாருங்கள். எதிர்ப்பக்க நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி லீவரை மூடிப் பாருங்கள். லீவர் அச்சுக்கு நேராக வெளியே நீட்டி நிற்கும் இடத்தில் இறுக்கம் தொடங்க வேண்டும். முழுக்க மூடியதும் உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும். இரண்டு விரலால் மூட முடிந்தால் அது மூடியதாகாது.

இந்த ஒரு நிமிடப் பாடத்தை விற்கும்போதே சொல்லிக் கொடுத்தால் என்ன? புதுச் சைக்கிள் பெட்டிக்குள் பாதி பிரிந்த நிலையில் வருகிறது. அவசரமாகப் பூட்டி, மணியை அடித்துக் காட்டி, பில் போட்டு அனுப்புகிறார்கள். கையேடு பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது; அதுவும் பெட்டியோடு குப்பைக்குப் போகிறது.

பழைய சைக்கிள் என்பதால் இன்னொரு சந்தேகம். படிப்பு முடிந்து ஊருக்குப் போகும் மாணவர்கள் வந்த விலைக்குச் சைக்கிளைத் தள்ளிவிடுவார்கள். அவற்றை வாங்கி விற்கும் தரகர்கள் முதலில் செய்வது ஸ்பிரே பெயின்ட் அடிப்பது. ஃபோர்க் நுனியில், லீவரும் நட்டும் பதியும் இடத்தின்மீதும் பெயின்ட் ஏறிவிடும். அழுத்தத்தில் அது நொறுங்க, பிடி தளரும். உப்புத்தாளால் அந்த இடங்களைத் தேய்த்து உலோகத்தை வெளியே கொண்டுவாருங்கள். நல்ல லீவரைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு மலிவானதைச் செருகும் சாமர்த்தியமும் இவர்களுக்கு உண்டு. உங்களுடையது பிளாஸ்டிக் வளையத்தின்மீது உரசி மூடும் ரகமாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். பொறிமுறை உள்ளே மறைந்திருக்கும், எஃகுப் பற்கள் கொண்ட லீவரை முன் சக்கரத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

புது லீவரும் பிடிக்கவில்லையா? அச்சின் நடுத்துளை வழியாகப் போகும் லீவர்க் கம்பியை முழுதாக உருவி எடுத்துவிட்டு, சக்கரம் ஃபோர்க்கிலேயே அமர்ந்திருக்க, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அச்சின் நுனி ஃபோர்க் நுனியின் வெளிமுகத்தைவிடச் சற்று உள்ளடங்கி இருக்க வேண்டும். சமமாகவோ வெளியே துருத்திக்கொண்டோ இருந்தால், லீவர் அச்சைத்தான் அழுத்தும், ஃபோர்க்கை அழுத்தாது. கை வலிக்க மூடினாலும் பயனில்லை. உள்ளங்கைத் தடமும் உங்களை ஏமாற்றும். ஃபோர்க்கின் உள் அகலம் 100 மி.மீ. என்றால் அச்சு 108 மி.மீ. இருப்பதே வழக்கம். பால்ரஸ் மாற்றியவர் கையில் கிடைத்த நீள அச்சைப் போட்டிருக்கலாம். சரியான அச்சையே ஒரு பக்கமாகத் தள்ளிப் பூட்டியிருக்கலாம். அப்போது ஒரு பக்கம் துருத்தும், மறுபக்கம் குழியும். பின்னதைக் கோன் ஸ்பானரால் (அச்சின் நட்டுகளுக்கான மெல்லிய ஸ்பானர்) நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். முன்னதற்கு அச்சை மாற்ற வேண்டும். ஃபோர்க்கின் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

ஃபோர்க்கை மாற்றுவது நியாயமாகும் இடம் ஒன்று உண்டு. பிளவின் வாயோரம் சிறு மேடு இருக்கும். லீவர் தளர்ந்தாலும் சக்கரம் உடனே விழாமல் தடுப்பது அது. சக்கரத்தைச் சுலபமாகக் கழற்ற வேண்டும் என்று அதை அரத்தால் ராவிவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். உங்களுடையதிலும் ராவியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியானபின் டிஸ்க் உரசினால், காலிபரின் இரண்டு போல்ட்டுகளையும் லேசாகத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மறுபடி இறுக்கினால் போதும். மலையிறங்கிய சூட்டில் டிஸ்க்கைத் தொட வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். இந்த வேலைக்குக் கடையில் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஃபோர்க்குக்கு முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.