வாலிபர் ஊழியத்தில் களைத்துவிட்டேன், விலகலாமா?

கேள்வி: கிராமச் சபை ஒன்றில் ஆறு வருடமாக வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். வார நாட்களில் தனியார் பள்ளியில் டீச்சர் வேலை. சனிக்கிழமை வாலிபர் கூட்டம், ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி, மே மாதம் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), டிசம்பரில் வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸ். பிள்ளைகள் என்றால் எனக்கு உயிர். ஆனால் இப்போது போன் அடித்தாலே எரிச்சல் வருகிறது. தனியாக ஜெபிக்கவும் மனமில்லை. விலகுகிறேன் என்றால், "கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கலாமா?" என்கிறார்கள். நான் ஊழியத்தை விட்டு ஓடுகிறேனா?
வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் நீண்ட கடிதத்தில் கொஞ்சம்தான் மேலே அச்சாகியிருக்கிறது. முழுவதையும் நிதானமாகப் படித்தேன். களைப்பைப் பற்றி எழுதிய பக்கங்களில் டி-ஷர்ட் பணம் வசூல், சவுண்ட் சர்வீஸ் பாக்கி, கேரல் வேன், போட்டிக்கு நாடக ஒத்திகை, கமிட்டியில் கணக்குக் கேள்வி எல்லாம் வருகின்றன. ஒரு பிள்ளைகூட வரவில்லை. சந்தோஷத்தைப் பற்றி எழுதிய பக்கத்தில் பிள்ளைகள் மட்டும்தான் இருக்கிறார்கள். கூட்டத்தில் வாயே திறக்காத பிளஸ் டூ பையன், சபை விருந்தான அசனத்துக்கு முந்தின ராத்திரி உங்களோடு வெங்காயம் உரித்துக்கொண்டே அப்பாவின் குடியைப் பற்றிச் சொன்னான். எல்லார் கண்ணும் கலங்கியிருந்ததால் அவன் அழுதது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து பாய் விரித்தான். இதை எழுதிய கைக்கு ஊழியம் கசந்துவிட்டது என்று நான் நம்பமாட்டேன். உங்களைக் களைக்க வைத்தது நிகழ்ச்சிகள்தான்.

கலப்பை வசனம் லூக்கா 9-ல், பின்பற்றுவேன் ஆனால் முதலில் வீட்டாரிடம் விடைபெற்று வருகிறேன் என்றவனுக்குச் சொன்னது. அவன் இன்னும் உழவே தொடங்கவில்லை. நீங்களோ ஆறு வருடம் உழுதவர். உழுத மாட்டைச் சாயங்காலம் அவிழ்த்துவிடத்தானே வேண்டும்? யாத்திராகமம் 23-ல் ஓய்வுநாள் கட்டளை மாட்டையும் கழுதையையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் வாரத்தைப் பாருங்கள்: ஐந்து நாள் பள்ளி, இரண்டு நாள் சபை. ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவருக்கு ஓய்வுநாளே இல்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. இதைச் சபை என்றைக்கோ கவனித்திருக்க வேண்டும்.

விலகுவது பாவமா என்றால், இல்லை. இஸ்ரவேலரின் ஆராதனை இடமான ஆசரிப்புக் கூடாரத்தில் பணி செய்த லேவியருக்கே 25 வயதில் பணி தொடங்கி 50-ல் முடிகிறது என்று எண்ணாகமம் 8 சொல்கிறது. அதற்குப் பிறகு சகோதரரோடு கூட இருந்து உதவலாம், பாரமான வேலை கிடையாது. ஆசரிப்புக் கூடார வேலைக்கே முடிவு உண்டென்றால், செயலாளர் பொறுப்புக்கு ஒரு தேதி வைப்பதில் என்ன தப்பு? வரும் ஈஸ்டரோடு பொறுப்பை ஒப்படைக்கிறேன் என்று உங்கள் சேகர ஐயரிடம் (போதகரிடம்) எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் "இந்த ஒரு வருடம் மட்டும் பாருங்கம்மா" என்றுதான் பதில் வரும்.

அதுவரைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். கிறிஸ்டியன் எண்டவர் என்ற சபை வாலிபர் சங்கத்தை 1881-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தொடங்கிய போதகர் பிரான்சிஸ் கிளார்க், கூட்டம் நடத்துவதையும் புதியவர்களைக் கவனிப்பதையும் வாலிபர்களே குழு பிரித்துச் செய்யும்படி வைத்தார். உங்கள் பிளஸ் டூ, காலேஜ் பிள்ளைகளுக்கு அது முடியும். பாட்டு பிசகும், கணக்கில் நூறு ரூபாய் இடிக்கும். பரவாயில்லை. டி-ஷர்ட் இந்த வருடம் வேண்டாம், போட்டி நாடகமும் வேண்டாம். கேரல் வேனில் நீங்கள் ஏறவே வேண்டாம்.

ஜெபிக்க மனமில்லாததற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. வேதத்தைத் திறந்தாலே சனிக்கிழமைச் செய்திக்கு என்ன எடுக்கலாம் என்றுதான் உங்கள் மனசு தேடுகிறது. கொஞ்ச நாள் செய்தி கொடுப்பதை நிறுத்துங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, உங்களை யாருக்கும் தெரியாத வேறு சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் டாக்டரையும் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

அப்புறம், கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதிய விஷயம். பதினாறு வயதுப் பெண் கையைக் கீறிக்கொள்கிறாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்று உங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடுகிறாள். இந்த ரகசியத்தை நீங்கள் காக்கக்கூடாது. "உன் உயிர் எனக்கு முக்கியம், அதனால் அம்மாவிடம் பேசப்போகிறேன், நீயும் கூட இரு" என்று அவளிடமே முதலில் சொல்லிவிடுங்கள். கோபப்படுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில்தான் பிரச்சினை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். ராத்திரி நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அவள் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். இந்த வாரமே அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஐயரின் மனைவி ஐயரம்மாவையும் துணைக்குக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் ஈஸ்டர் வரை பொறுக்கும், இது பொறுக்காது.