செயற்கைக்கோள் வழிகாட்டலில் ரன்வேக்கு இறங்கிவரும் ஒரே ஆர்என்பி அப்ரோச் சார்ட்டில் எல்பிவி, எல்நாவ்/விநாவ், எல்நாவ் என்று மூன்று மினிமா (ரன்வே தெரியாமல் இறங்கக்கூடிய கடைசி உயரங்கள்) ஏன்? எதை எப்போது எடுப்பது?

கருவி அனுமதிக்கு (வெளியே தெரியாதபோது கருவிகளைப் பார்த்து ஓட்டும் தகுதிக்கு) படிக்கும் விமானிகள் அதிகம் குழம்பும் இடம் இது. மூன்று பெயர்களையும் மனப்பாடம் செய்வதை விட்டு, ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எனக்குக் காட்டப்படும் இறங்கு பாதையின் உயரம் எங்கிருந்து வருகிறது? செயற்கைக்கோளிலிருந்தா, காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் ஆல்டிமீட்டரிலிருந்தா, அல்லது ஜிபிஎஸ் ரிசீவர் தானே போட்டுக்கொண்ட கணக்கிலிருந்தா? இதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

எல்நாவ் என்பது இடவல வழிகாட்டல் மட்டும். கடைசி இறக்கம் தொடங்கும் இறுதி அப்ரோச் புள்ளிக்குப் பிறகு, விலகலைக் காட்டும் ஊசி முழுதாக ஒதுங்கினால் நீங்கள் 0.3 கடல் மைல், அதாவது சுமார் 555 மீட்டர் விலகியிருக்கிறீர்கள். இதற்கு எம்டிஏ (ரன்வே தெரியும்வரை அதற்குக் கீழே போகக் கூடாத உயரம்) உண்டு, டிஏ (இறங்குவதா மேலேறுவதா என்று முடிவெடுக்கும் உயரம்) கிடையாது. டிஏவில் முடிவெடுத்து மேலேறத் தொடங்கும்போது விமானம் சற்றுக் கீழே தாழ்வதற்குக் கணக்கில் இடம் விட்டிருப்பார்கள். எம்டிஏவில் அது இல்லை. ரன்வே தெரியாமல் ஒரு அடிகூடக் கீழே போகக் கூடாது. சீரான இறக்கத்தில் வருபவர்கள் பலர் எம்டிஏவுடன் 50 அடி கூட்டி வைத்துக்கொள்வது இதனால்தான்.

எல்நாவ்/விநாவில் இறங்கு பாதையும் உண்டு, டிஏவும் உண்டு. பெரிய விமானங்களில் அந்தப் பாதையைப் பெரும்பாலும் வரைவது காற்றழுத்தம். இதை பாரோ-விநாவ் என்பார்கள். அதன் பலவீனங்கள் இரண்டு. முதலாவது வெப்பநிலை. காற்று, ஆல்டிமீட்டர் கணக்கில் கொள்ளும் நியம வெப்பநிலையைவிட 10 டிகிரி குளிர்ந்தால் உண்மை உயரம் ஏறக்குறைய 4 சதவீதம் குறையும். சார்ட்டில் 3 பாகை என்று போட்ட பாதை அதைவிடத் தட்டையாகும். அதனால்தான் சார்ட்டில் குறைந்தபட்ச வெப்பநிலை அச்சிட்டிருப்பார்கள். கடல்மட்ட விமான நிலையத்தில் 40 டிகிரி வெயில் அடித்தால் நேர்மாறு: பாதை 3.25 பாகைபோலச் செங்குத்தாகி, வேகம் குறைய மறுக்கும்.

இரண்டாவது கியூஎன்எச், அதாவது ஆல்டிமீட்டரில் அமைக்கும் கடல்மட்டக் காற்றழுத்தம். என்னைக் கேட்டால் இந்த முழுப் பாடத்திலும் அதிக கவனம் கேட்பது இதுதான். 1 ஹெக்டோபாஸ்கல் தவறு என்றால் சுமார் 28 அடி. 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் பாரோ-விநாவ் முறையில் வந்த ஒரு ஏர்பஸ் ஏ320-க்குக் கட்டுப்பாட்டு அறை 1001-க்குப் பதில் 1011 என்று சொல்லிவிட்டது. விமானம் உண்மைப் பாதைக்கு 280 அடி கீழே, மழைக்குள், ஊசி நடுவில் நிற்க இறங்கியது. ரன்வேக்கு ஒரு கடல் மைலுக்கும் குறைவான தூரத்தில், தரையிலிருந்து உயரத்தை நேரடியாக அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் காட்டிய மிகக் குறைந்த உயரம் 6 அடி. காக்பிட்டில் எல்லா எண்களும் ஒத்துப்போயின. தூரம்–உயரம் அட்டவணையைப் பார்த்தாலும் பிடிபட்டிருக்காது. பாதையை வரைந்த அதே ஆல்டிமீட்டர்தானே அட்டவணைக்கும் சாட்சி.

எல்பிவி இங்கேதான் வேறுபடுகிறது. அதன் உயரம் வடிவக்கணிதம். எஸ்பிஏஎஸ் என்ற பிழைதிருத்தச் செயற்கைக்கோள் அமைப்பு (அமெரிக்காவில் வாஸ், ஐரோப்பாவில் எக்னோஸ், இந்தியாவில் ககன்) தரும் திருத்தங்களை வைத்து ரிசீவர் நேரடியாகப் பாதையைக் கணக்கிடுகிறது. ஊசியும் ஐஎல்எஸ் (தரையிலிருந்து வரும் ரேடியோ அலைகளால் வழிகாட்டும் இறங்கு அமைப்பு) போலவே ரன்வேயை நெருங்க நெருங்கக் கூர்மையாகும். ரன்வே தொடங்கும் திரெஷோல்டில் ஊசி முழுதாக ஒதுங்குவது பொதுவாக நடுக்கோட்டின் இருபுறமும் சுமார் 107 மீட்டரில்தான். கியூஎன்எச் தவறினாலும் பாதை நகராது. ஆனால் டிஏவை ஆல்டிமீட்டரில்தான் பார்க்கிறோம், ஆகவே முடிவெடுக்கும் இடம் தவறும். நல்ல செய்தி, எல்பிவியில் அந்தத் தவறு முன்கூட்டியே கண்ணில் படும்: அதே 10 ஹெக்டோபாஸ்கல் தவறில், கிளைடுபாத்தில் (இறங்கு பாதையில்) இறுதிப் புள்ளியை 2000 அடியில் கடக்கவேண்டிய இடத்தில் ஆல்டிமீட்டர் 2280 காட்டும். அந்த ஒரு சரிபார்ப்பை ஒருபோதும் விடாதீர்கள்.

எல்பிவி 200 அடி வரை இறக்கக்கூடியது. அதற்குச் செங்குத்துப் பிழை எல்லை 35 மீட்டருக்குள் இருக்கவேண்டும். 50 மீட்டர்வரை அனுமதிக்கும் தரத்தில் 250 அடிதான். ககன் 2015-இல் பெற்ற ஏபிவி-1 சான்று இந்த இரண்டாவது வகை. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர்-72 ராஜஸ்தானின் கிஷன்கரில் இதைக்கொண்டு இறங்கிக் காட்டியது. நம் பக்கத்துச் சிக்கல் அயனி மண்டலம். காந்த நிலநடுக்கோடு தென்னிந்தியாவின் முனையருகே போவதால், சூரியன் மறைந்தபின் சில மணி நேரம் அங்கே கொந்தளிப்பு அதிகம், ஜிபிஎஸ் சமிக்ஞை மினுங்கும். பிழை எல்லை விரிந்தால் ரிசீவர் எல்பிவியைத் தரமறுக்கும்.

எல்பி என்றொரு வரி சில சார்ட்டுகளில் உண்டு. எல்பிவியின் இடவலத் துல்லியம் அப்படியே இருக்கும். தடைகளால் இறங்கு பாதை கொடுக்க முடியாத இடங்களில் எம்டிஏவோடு வரும். எல்பிவி கெட்டால் எல்பிக்கு இறங்கலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டும் ஒரே சார்ட்டில் வராது.

பலரைத் தடுமாற வைப்பது திரையில் தெரியும் எல்நாவ்+வி. சார்ட்டில் அப்படி ஒரு மினிமாவே இல்லை. அது ரிசீவர் உதவிக்காகப் போடும் கோடு. எம்டிஏவுக்குக் கீழே மரமோ கோபுரமோ அந்தக் கோட்டில் குறுக்கிடாது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பயன்படுத்துங்கள், ஆனால் எல்நாவ் எம்டிஏவில் நிறுத்துங்கள்.

ஆர்என்பி ஏஆர் தனி உலகம். இடவல விலகலை 0.3-க்கும் குறைவாக, 0.1 கடல் மைல் வரை கூடப் பிடித்து, இறுதிக் கட்டத்திலேயே வளைந்து வரலாம். விமானம், நிறுவனம், விமானி மூன்றுக்கும் தனி அனுமதி வேண்டும். அலாஸ்காவின் ஜூனோவில் 1996-இல் இது தொடங்கியதே மலைகளுக்கிடையே நேர்கோடு போட முடியாததால்தான். ஜிஎல்எஸ் என்ற இன்னொரு முறை, தரையிலுள்ள ஒரே நிலையத்திலிருந்து ஜிபிஎஸ் திருத்தங்களை வான்வழி அனுப்பிப் பல ரன்வே முனைகளுக்குச் சேவை தரும். ஓட்டுவது ஐஎல்எஸ் மாதிரியேதான்.

நடைமுறைக்கு வருவோம். 28 நாள் சுழற்சியில் ரிசீவரின் வழித்தட டேட்டாபேஸ் நடப்பிலுள்ளதா என்று பாருங்கள். அப்ரோச்சை முழுதாக டேட்டாபேஸிலிருந்து ஏற்றுங்கள், புள்ளிகளைக் கையால் தட்டாதீர்கள். எஸ்பிஏஎஸ் என்றால் சார்ட்டிலுள்ள ஐந்திலக்கச் சேனல் எண்ணும் அடையாளக் குறியும் திரையோடு பொருந்தவேண்டும். இறுதிப் புள்ளிக்கு 2 கடல் மைல் முன்பு ஊசியின் அளவு சுருங்கத் தொடங்கும். புள்ளியைக் கடக்கும் முன் திரையில் எந்தப் பெயர் எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எரிகிற பெயர்தான் உங்கள் மினிமா. அங்கே எல்பிவிக்குப் பதில் எல்நாவ் வந்தால், எம்டிஏவை முன்பே குறித்து வைத்திருந்தவர் தொடரலாம். புள்ளிக்குப் பிறகு அப்ரோச்சைக் கைவிடச் சொல்லும் எச்சரிக்கை வந்தால் உடனே ஏறுங்கள், ஆனால் திரும்பாதீர்கள்: தவறிய அப்ரோச் புள்ளிவரை (இறங்காமல் மேலேறும் பாதை தொடங்கும் இடம்வரை) அதே கோட்டில் போய், அதன்பிறகே சார்ட் சொல்லும் திசைக்குத் திரும்பவேண்டும்.